சோயாமீட் உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று எழும்பினால் உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரைக்கும் வள்ளங்கள் கரையில்தான் கிடக்கும். மீன் விலை ஏறும், வீட்டுக்கு வீடு சோயாமீட் கறி மணக்கும். அதற்குக் கொஞ்சம் முன்னதாகவே கேதாரகௌரி, கந்தசஷ்டி என்று விரதங்கள் வரிசையாக வந்துவிடுவதால் புட்டுக்கும் சோயா, சோற்றுக்கும் சோயா. நான் இந்த ஊரில் பல வருடம் மருந்துக்கடையில் நின்றவன். குளிசை வாங்க வருகிறவர்கள் மீதிக் காசை எண்ணிக்கொண்டே கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வரும்: "இந்தச் சோயாவில் ஏதோ ஹோர்மோன் இருக்கிறதாமே, அது உடம்பில் தங்கிவிடாதா?" அப்படிக் கேட்கப்பட்டவற்றையும், கேட்கத் தயங்கி ஒதுக்குப்புறமாக வந்து கேட்கப்பட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சோயாவில் ஹோர்மோன் இருப்பது உண்மையா?

இல்லை. ஹோர்மோன் மாதிரி உருவம் கொண்ட ஒன்று இருக்கிறது. சோயா அவரையில் ஐசோஃபிளேவோன் என்றொரு கூட்டம் உண்டு, அதில் முக்கியமானவை ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன், கிளைசிட்டீன் என்கிற மூன்று. செடி இவற்றை நமக்காகச் செய்யவில்லை. மண்ணில் இருக்கும் பாக்டீரியாவை வேருக்கு அழைத்து நைதரசன் பிடித்துக்கொள்ளவும், பூஞ்சணம் வந்தால் எதிர்த்து நிற்கவும் அதற்கு இவை தேவை. தற்செயலாக இந்த மூலக்கூறுகளின் அமைப்பு பெண்களின் ஈஸ்ட்ரஜனோடு கொஞ்சம் ஒத்துப்போகிறது, ஆகவே ஈஸ்ட்ரஜன் போய் உட்காரும் இடத்தில் இவையும் உட்காரப் பார்க்கும். அந்த இடங்கள் இரண்டு வகை, அல்ஃபா என்றும் பீட்டா என்றும் சொல்வார்கள். ஈஸ்ட்ரஜன் இரண்டிலும் நன்றாகப் பொருந்தும், ஐசோஃபிளேவோன் பீட்டாவில்தான் ஓரளவு பொருந்தும், பலமும் பல நூறு மடங்கு குறைவு.

நாங்கள் சாப்பிடுகிற அளவில் எவ்வளவு போகும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சோயாமீட் என்பது எண்ணெய் எடுத்த சோயா மாவை அழுத்திச் சூடாக்கிப் பிதுக்கிச் செய்வது. அப்படிப்பட்ட பொருளில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 150 மில்லிகிராம் ஐசோஃபிளேவோன் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மாவைச் செய்யும் விதத்தைப் பொறுத்து இது நிறையவே மாறும், அற்ககோலில் கழுவிய மாவு என்றால் பெரும்பகுதி போய்விடும். 90 கிராம் பக்கற் ஒன்றை நான்கு பேருக்குக் கறி வைத்தால் ஆளுக்கு 22 கிராம், அதாவது 30 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஊறவைத்துப் பிழிந்ததில் போனதைக் கழித்தால் இன்னும் குறையும். ஜப்பானில் பழைய முறையில் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 முதல் 50 மில்லிகிராம் தினமும் போகிறது, ஆகவே விரத நாளில் நாம் சாப்பிடுவது அவர்களுடைய சாதாரண நாளை எட்டுகிறது, அவ்வளவுதான்.

டோஃபுவில் 100 கிராமுக்கு 20, 30 மில்லிகிராம், சோயாப் பாலில் 10 அளவில். கொத்து ரொட்டியிலும் ஃப்ரைட் ரைஸிலும் ஊற்றுகிற சோயா சோஸில் பெயருக்குத்தான் இருக்கும். சோயா எண்ணெயில் இல்லவே இல்லை என்று சொல்லலாம், ஏனென்றால் இவை எண்ணெயோடு போகாமல் மாவோடு தங்கிவிடும்.

சாப்பிட்டவுடன் அது அப்படியே இரத்தத்தில் ஏறுமா?

ஏறாது. இங்கேதான் பலருக்குப் பிழைபடுகிறது. சோயாவில் இருக்கும் ஐசோஃபிளேவோன் பெரும்பாலும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறைக் கட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சர்க்கரையோடு அது குடல் சுவரைத் தாண்ட முடியாது, உருவமும் பெரிது, தண்ணீரில் கரையும் குணமும் அதிகம். முதலில் சர்க்கரையை வெட்டி எடுக்க வேண்டும். சிறுகுடலின் உட்சுவரில் ஒரு நொதி இருக்கிறது, பால்சர்க்கரையை உடைக்கிற அதே லக்டேஸ்தான், அது இந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அங்கே தப்பியது பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள பாக்டீரியா வெட்டும். வெட்டுப்பட்ட பிறகுதான் அது கொழுப்பில் கரைகிற சின்னப் பொருளாகிச் சுவரைத் தாண்டி உள்ளே போகும்.

அதனால் சாப்பிட்டதும் இரத்தத்தில் ஒரே ஏற்றமாக ஏறாது. ஒன்று, இரண்டு மணித்தியாலத்தில் சின்னதாக ஒரு ஏற்றம், சிறுகுடலில் வெட்டுப்பட்ட பங்கு அது. பிறகு பெருங்குடலில் இருந்து மெதுவாக இன்னொரு ஏற்றம். சர்க்கரையோடு இருக்கும் வகையைத் தனியாகக் கொடுத்து அளந்தவர்கள் உச்சம் 8 முதல் 11 மணித்தியாலத்தில் வருவதைக் கண்டார்கள், முன்கூட்டியே சர்க்கரை நீக்கிய வகைக்கு 4 முதல் 7. தெம்பே, மிசோ போன்ற புளிக்கவைத்த சோயா உணவுகளில் இந்த வெட்டும் வேலையை நுண்ணுயிர்கள் முன்பே ஓரளவு முடித்துவிடுகின்றன. நமக்குத் தோசை மாவை இரவே புளிக்க வைத்துப் பழக்கம், ஆனால் சோயாவை யாரும் புளிக்க வைப்பதில்லை, அதனால் நம் குடலுக்குத்தான் முழு வேலையும்.

எனக்குப் பால் குடித்தால் வயிறு பொருமும். லக்டேஸ் குறைவு என்றால் சோயாவும் செரிக்காதா?

பெரியவர்களான பிறகு நம் ஆக்களில் பலருக்கு லக்டேஸ் குறைவுதான். அதனால் சோயா செரிக்காமல் போகாது, வெட்டுகிற வேலையில் கூடின பங்கு பெருங்குடலுக்குப் போகும், கொஞ்சம் தாமதமாகும். சோயாப் பாலில் பால்சர்க்கரை இல்லாததால் பொருமலுக்கு வேறு காரணம் இருக்கும், அதைக் கீழே சொல்கிறேன்.

சரி, இரத்தத்துக்குள் வந்துவிட்டது. அதன் பிறகு?

வந்த கையோடு உடம்பு அதைக் கட்டி ஒதுக்கப் பார்க்கும். குடல் சுவரைத் தாண்டும்போதே பாதி வேலை முடிந்துவிடும், மீதி ஈரலில். குளுக்குரோனிக் அமிலம் என்ற ஒன்றையோ சல்பேற்றையோ உடம்பு அதன் மேல் ஒட்டிவிடும், ஒட்டியதும் அது தண்ணீரில் கரையக்கூடியதாகி வெளியே அனுப்பச் சுலபமாகிவிடும். நீங்கள் காய்ச்சலுக்குப் போடுகிற பரசிற்றமோலையும் ஈரல் இதே வழியில்தான் கட்டி அனுப்புகிறது, ஆகவே இது சோயாவுக்கென்று உடம்பு கண்டுபிடித்த விசேஷ வித்தை இல்லை, வெளியிலிருந்து வரும் கண்ட கண்ட பொருளுக்கெல்லாம் வைத்திருக்கிற வழக்கமான பாதை.

இரத்தத்தில் ஓடுகிற ஐசோஃபிளேவோனில் கட்டுப்படாமல் தனியாக இருப்பது நூற்றுக்குச் சில வீதம் மட்டுமே. ஹோர்மோன் இடத்தில் போய் உட்காரக்கூடியது முக்கியமாக அந்தத் தனிப் பங்குதான். எலியில் பார்த்த விளைவை மனிதனுக்கு அப்படியே சொல்ல முடியாததற்கு இது ஒரு காரணம், எலி, சுண்டெலிகளின் இரத்தத்தில் கட்டுப்படாத பங்கு மனிதரைவிட நிறையக் கூட. பேஸ்புக்கில் சுற்றுகிற பயமுறுத்தல் பலதும் இந்த எலிக்கணக்கில் இருந்து வந்தவை.

இன்னொரு சுற்றும் இருக்கிறது. ஈரல் கட்டியதில் ஒரு பகுதி பித்தத்தோடு மறுபடி குடலுக்குள் இறங்கும். அங்கே பாக்டீரியா ஒட்டியதைக் கழற்றிவிட்டால் அது திரும்பவும் உள்ளே உறிஞ்சப்படும், திரும்ப ஈரலுக்குப் போகும். கறிச்சட்டியைக் கழுவி வைக்கக் கழுவி வைக்க யாராவது மறுபடி எடுத்து அடுப்பில் ஏற்றுகிற மாதிரி. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சிறுநீரோடு கழன்று போய்க்கொண்டே இருக்கும்.

எவ்வளவு நேரம் உடம்பில் நிற்கும்? தினமும் சாப்பிட்டால் சேர்ந்துகொண்டே போகாதா?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், அதுவும் சாதாரணமாக இரண்டாம் தடவை வரும்போதுதான் கேட்பார்கள்.

இரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறைய ஜெனிஸ்டீனுக்கு ஏறக்குறைய 7 மணித்தியாலம், டெய்ட்ஸீனுக்கு 9. நடுவில் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சத்தில் 80 இருந்தது என்றால் 8 மணித்தியாலத்தில் 40, பதினாறில் 20, ஒரு நாள் முடியும்போது 10. இரண்டு நாளில் ஒன்றுக்கும் கொஞ்சம் மேலே. வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்வந்து சாப்பிட்ட சோயா ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகும்போது உடம்பில் பெரும்பாலும் இருக்காது.

தினமும் சாப்பிட்டால் ஒரு மட்டம் வரைக்கும் ஏறும், அதன் பிறகு உள்ளே போவதும் வெளியே போவதும் சமனாகி அங்கேயே நிற்கும். கொழுப்பில் தங்கி வருடக்கணக்கில் சேரும் பூச்சிமருந்து வகைகள் வேறு கதை. ஐசோஃபிளேவோன் அப்படித் தங்குவதில்லை.

எந்த வழியால் வெளியே போகிறது?

முக்கியமாகச் சலத்தோடு. 24 மணித்தியாலச் சிறுநீரைச் சேர்த்து அளந்து பார்த்த ஆய்வுகளில், சாப்பிட்ட டெய்ட்ஸீனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைக்கும் சிறுநீரில் வந்திருக்கிறது, ஜெனிஸ்டீனில் அதைவிடக் குறைவு, பத்து, இருபது வீத அளவில். மலத்தில் முழு உருவத்தோடு வருவது மிகச் சொற்பம், நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ.

அப்போ மிச்சம் எங்கே என்று ஒரு சாதாரண தர மாணவி என்னிடம் கேட்டாள், கெட்டிக்காரி, நான் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னேன். மிச்சத்தைக் குடல் பாக்டீரியா உடைத்து வேறு பொருளாக்கிவிடுகிறது. ஜெனிஸ்டீன் உடைந்து எதைல்ஃபீனோல் போன்ற சின்ன மூலக்கூறுகளாகும், அதற்கு ஈஸ்ட்ரஜன் குணம் கிடையாது. டெய்ட்ஸீன் இரண்டு பாதையில் போகும், ஒரு பாதை சுவாரசியமானது, அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது.

எக்குவோல் என்று பக்கற்றில் போட்டு விற்கிறார்கள், அது என்ன?

டெய்ட்ஸீனைச் சில குடல் பாக்டீரியாக்கள் எக்குவோல் என்ற பொருளாக மாற்றும். மூலப்பொருளைவிட இதற்கு ஈஸ்ட்ரஜன் குணம் கொஞ்சம் கூட, இரத்தத்தில் கட்டுப்படாமல் இருக்கும் பங்கும் கூட. பெயர் குதிரையிலிருந்து வந்தது. 1932இல் சினைப்பட்ட குதிரையின் சிறுநீரில் ஹோர்மோன் தேடிக்கொண்டிருந்த இரண்டு பிரித்தானிய இரசாயனவியலாளர்கள், மரியனும் ஹேசில்வுட்டும், இதைப் பிரித்தெடுத்து, குதிரைக்கு லத்தீனில் உள்ள சொல்லையே பெயராக வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு இது ஒன்றுக்கும் உதவாத பொருளாகப் பட்டது.

அடுத்த அத்தியாயம் மேற்கு ஆஸ்திரேலியாவில். 1940களில் அங்கே செம்மறி ஆடுகள் குட்டி போடாமல் போயின. பார்த்தால் மேய்ச்சல் நிலம் முழுக்கக் கிளோவர் என்ற ஒரு வகை அவரைக் குடும்பத்துப் புல்பூண்டு. அதிலிருக்கும் ஒரு ஐசோஃபிளேவோன் ஆட்டின் வயிற்றில் டெய்ட்ஸீனாகி, பிறகு எக்குவோலாகி, கருப்பையைக் கெடுத்தது. "சோயா சாப்பிட்டால் மலடு" என்று கதைக்கிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ அந்த ஆடுகளைத்தான் சொல்கிறார்கள். ஆடு நாள் முழுக்க அதை மட்டுமே மேய்ந்தது, அதன் வயிறே ஒரு புளிக்கவைக்கும் தொட்டி. நாம் வாரத்தில் இரண்டு நாள் அரைக் கிண்ணம் கறி சாப்பிடுகிறோம்.

மனிதச் சிறுநீரில் எக்குவோல் இருப்பது 1982இல்தான் தெரியவந்தது. அப்போதே ஒரு புதிரும் கூடவே வந்தது. எல்லாருக்கும் இது வருவதில்லை. ஒரே சோயாவைச் சாப்பிட்ட இரண்டு பேரில் ஒருவரின் சிறுநீரில் எக்குவோல் ஏராளம், மற்றவரிடம் மருந்துக்கும் கிடையாது. மேற்கு நாடுகளில் நூற்றுக்கு 25, 30 பேருக்குத்தான் வரும், ஜப்பான், கொரியா, சீனாவில் 50, 60 பேருக்கு. காரணம் அவரவர் பெருங்குடலில் அந்த வேலை தெரிந்த பாக்டீரியா குடியிருக்கிறதா இல்லையா என்பதே. அதில் ஒன்றுக்கு அட்லர்குரூட்சியா எக்குவோலிஃபேசியன்ஸ் என்று பெயர் (வாயில் நுழையாத பெயர்தான், பின்லாந்து ஆராய்ச்சியாளர் அட்லர்குரூட்ஸ் நினைவாக வைத்தது). எலிகள் எல்லாம் எக்குவோல் செய்யும். எலி ஆய்வை நம்பி மனிதனுக்குச் சொல்வதில் உள்ள இரண்டாவது சிக்கல் இது.

மாதவிடாய் நின்ற பிறகு வரும் உடல்சூட்டுக்குச் சோயா சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று ஆய்வுகள் முன்னுக்குப்பின் சொல்வதற்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அதனால்தான் எக்குவோலையே குளிசையாக்கி விற்கிறார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், அந்தக் காசுக்கு ஒரு நல்ல மின்விசிறி வாங்கலாம். பங்குனி, சித்திரை வெயிலில் இங்கே யாருக்குத்தான் உடல்சூடு இல்லை.

நான் எக்குவோல் செய்கிற ஆளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று நாள் தொடர்ந்து சோயா சாப்பிட்டுவிட்டுச் சிறுநீரில் எக்குவோலையும் டெய்ட்ஸீனையும் அளந்து ஒப்பிடுவார்கள். ஆராய்ச்சிக்கூட வேலை அது. தெரிந்துகொண்டு செய்வதற்கும் ஒன்றும் இல்லை.

அன்ரிபயோட்டிக் குடித்துக்கொண்டிருக்கும்போது?

குடல் பாக்டீரியா செத்தால் இந்த மாற்றங்களும் குறையும், எக்குவோல் கொஞ்ச நாளைக்கு இல்லாமல் போகலாம். அதனால் தீங்கு ஒன்றும் இல்லை.

சோயாமீட்டைச் சுடுதண்ணீரில் போட்டால் நுரை வருகிறதே, அது என்ன? பிழிந்து ஊற்றுவதா, கறியிலேயே விடுவதா?

நுரைக்குக் காரணம் சப்போனின், கூடக் கொஞ்சம் கரைந்த புரதம். பூந்திக்கொட்டையை நசுக்கினால் நுரைக்கிறதே, அதே இனப் பொருள்தான். குடல் சப்போனினை அவ்வளவாக உள்ளே விடாது. பெரும்பகுதி பாக்டீரியாவால் உடைந்து மலத்தோடு போய்விடும்.

பிழிந்து ஊற்றுவதுதான் நல்லது, ஆனால் காரணம் நச்சு இல்லை. ருசி ஒன்று, அந்தப் பச்சை மணம் போகும். மற்றது ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள். இவற்றை உடைக்கிற நொதி மனிதக் குடலில் கிடையாது, அப்படியே பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாவுக்கு விருந்தாகி வாயு உண்டாகும். முன்பு சொன்ன பொருமலின் காரணம் இதுதான். ஊறவைத்த தண்ணீரோடு இதில் ஒரு பங்கு போகும். அதே தண்ணீரில் கொஞ்சம் ஐசோஃபிளேவோனும் போகும். முழு சோயா அவரையில் செய்து பார்த்தவர்கள் ஊறவைப்பதில் மட்டும் 12 வீதம் போவதைக் கண்டிருக்கிறார்கள், டோஃபு கட்டும்போது வடிகிற தண்ணீரில் 44 வீதம். கறியில் வேகவைப்பதால் ஐசோஃபிளேவோன் அழியாது, சூட்டைத் தாங்கும், அதன் சர்க்கரைக்கு மேலே ஒட்டியிருக்கும் சின்ன அமிலத்துண்டு கழன்று உருவம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

வாயுத் தொல்லை உள்ளவர்கள் இரண்டு தண்ணீர் மாற்றிப் பிழியுங்கள். கறிக்குப் பெருங்காயம் போடுங்கள் என்று என் அம்மம்மா சொல்லுவா. அதை நானும் செய்கிறேன், நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.

தைரொயிட் குளிசை குடிக்கிறேன். சோயா கூடாது என்று சொன்னார்கள்.

இது கவனமாக வாசிக்க வேண்டிய ஒன்று. இரண்டு வெவ்வேறு விஷயத்தை ஆக்கள் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

முதலாவது, ஐசோஃபிளேவோன் தைரொயிட் சுரப்பியைத் தாக்கும் என்பது. கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்த்தால் ஜெனிஸ்டீனும் டெய்ட்ஸீனும் தைரொயிட் ஹோர்மோன் செய்கிற நொதியைத் தடுக்கும். மனிதர்களில், உடம்பில் அயடின் போதுமான அளவு இருந்தால் இது பிரச்சினையாவதில்லை. இலங்கையில் 1995 முதல் உப்புக்கு அயடின் சேர்ப்பது சட்டம், ஆகவே கடை உப்பைப் பாவிக்கிற வீட்டுக்குப் பெரிய பயம் தேவையில்லை.

இரண்டாவதுதான் உண்மையான சிக்கல். தைரொக்சின் குளிசை குடலில் உறிஞ்சப்படும் நேரத்தில் சோயா அங்கே இருந்தால் குளிசையின் ஒரு பங்கு உள்ளே போகாமல் வெளியேறிவிடும். என் சின்னம்மா ஒருவருக்கு இப்படித்தான். காலையில் குளிசையைச் சோயாப் பாலோடு விழுங்கிக்கொண்டிருந்தா, கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள், யாரும் எதோடு குடிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, மருந்துக்கடைக்காரன் வீட்டிலேயே இப்படி. ஒருநாள் அவவின் வீட்டுக்குக் காலையில் போனபோதுதான் கண்டேன். நேரத்தை மாற்றியதும் அடுத்த இரத்தப் பரிசோதனையில் வித்தியாசம் தெரிந்தது.

ஆகவே: குளிசையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு. அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரைக்கும் தேத்தண்ணியும் வேண்டாம். சோயாவுக்கு 4 மணித்தியால இடைவெளி விட்டால் போதும், மதியச் சாப்பாட்டில் தாராளமாகச் சாப்பிடலாம். பழக்கத்தைத் திடீரென்று மாற்றினால், அதாவது சோயாவே சாப்பிடாதவர் தினமும் சாப்பிடத் தொடங்கினால், வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இரும்புக் குளிசை? திரிபோஷாவிலும் சோயா இருக்கிறதே?

கிளினிக்கில் தாய்மாருக்குக் கொடுக்கிற சத்துமாவான திரிபோஷா சோளமும் சோயாவும் கலந்தது, இரும்பும் விற்றமின்களும் மேலதிகமாகச் சேர்த்திருப்பார்கள். சோயாவில் ஃபைற்றேற் என்றொரு பொருள் இருக்கிறது, அது இரும்பையும் நாகத்தையும் (சிங்க் என்கிற உலோகச் சத்து) குடலிலேயே பிடித்து வைத்து மலத்தோடு கொண்டுபோய்விடும். அதற்காகத் திரிபோஷாவை விட வேண்டியதில்லை, அதன் புரதமும் மற்றச் சத்தும் தாய்மாருக்குத் தேவை. இரும்புக் குளிசையை மட்டும் வேறு நேரத்தில் எடுங்கள். சோயாக் கறிக்குத் தேசிக்காய்ப் புளி விட்டால் விற்றமின் சி அந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பது ஃபைற்றேற்றுக்குத் துணைபோகிற வேலை.

ஆம்பிளைப் பிள்ளைகள் சாப்பிடலாமா? மகன் ஜிம்முக்குப் போகிறான், சோயா வேண்டாம் என்கிறான்.

சாப்பிடலாம். ஆண்களில் செய்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2010இலும் 2021இலும் பார்த்துவிட்டார்கள், டெஸ்டோஸ்டரோன் குறையவில்லை, ஈஸ்ட்ரஜன் கூடவில்லை. இணையத்தில் எல்லாரும் காட்டுகிற ஒரு நோயாளி உண்டு, 2008இல் அறிக்கையாக வந்தது, 60 வயது மனிதர், மார்பு வீங்கியது. அவர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 லீட்டர் சோயாப் பால் குடித்துவந்தவர். நிறுத்தியதும் மெல்ல மெல்லக் குறைந்தது. 3 லீட்டர் என்றால் எனக்கு ஒரு நாளைக்குத் தண்ணீரே அவ்வளவு இறங்காது.

சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு?

இங்கே பதில் மாறும். வெளியே போகிற முக்கிய வழியே சிறுநீர் என்று சொன்னேன் அல்லவா, வழி அடைபட்டால் சரக்கு தேங்கும். டயலிசிஸ் செய்கிறவர்களில் ஐசோஃபிளேவோன் பாதியாகக் குறையும் நேரம் சுகதேகிகளைவிடப் பல மடங்கு நீண்டதைக் கண்டிருக்கிறார்கள், ஒரு தடவை சாப்பிட்டது நாட்கணக்கில் இரத்தத்தில் நின்றது. அதனால் கெடுதி வந்தது என்று காட்டப்படவில்லை, ஆனால் "ஒரு நாளில் போய்விடும்" என்ற கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. பதவியாப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் எவ்வளவு குடும்பங்களைப் பிடித்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும், அதை ஒட்டிய ஊர்களிலிருந்து மருந்துக்கு இங்கே வருகிறவர்களிடம் நான் இதைத் தவறாமல் சொல்வேன். அவர்களுக்கு ஐசோஃபிளேவோனைவிடப் பெரிய கவலை சோயாமீட்டின் பொற்றாசியம், புரத அளவு, அந்தக் குட்டிப் பக்கற்றில் வரும் உப்புத் தூள். கிளினிக்கில் கேட்டுத்தான் அளவு தீர்மானிக்க வேண்டும்.

கொலஸ்ட்ரோலுக்கு நல்லதாமே?

கொஞ்சம். சோயாவில் தாவர ஸ்டெரோல் இருக்கிறது, கொலஸ்ட்ரோலின் உருவம்தான், உறிஞ்சப்படுகிற இடத்தில் அதோடு போட்டி போடும். குடல் செல்லுக்குள் நுழைந்தாலும் செல் அதை அடையாளம் கண்டு திரும்பக் குடலுக்குள்ளேயே தள்ளிவிடும், உள்ளே போவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. சோயாவில் இது இருக்கும் அளவு சின்னது, ஆகவே அதை நம்பி ஸ்டற்றின் குளிசையை நிறுத்த வேண்டாம். நிறுத்தியவர்கள் உண்டு.

மார்பில் புற்றுநோய் வந்து சுகமானவர்கள்?

முன்பு பயந்தார்கள். நோய் வந்த பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் சாதாரண அளவில் சோயா உணவு சாப்பிட்டவர்களுக்குக் கெடுதி தெரியவில்லை. உணவாகச் சாப்பிடலாம். ஐசோஃபிளேவோன் குளிசை வேறு, அதை வைத்தியரைக் கேட்காமல் தொடாதீர்கள், அதுவும் தமொக்ஸிஃபென் குடிக்கிறவர்கள்.

பால் கொடுக்கிற தாய் சாப்பிட்டால் பிள்ளைக்குப் போகுமா?

மிகச் சொற்பமாகப் போகும், கவலைப்பட வேண்டியதில்லை. சோயாவில் செய்த குழந்தைப் பால்மா வேறு கதை. அதில் பிள்ளைக்கு உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைவிடப் பல மடங்கு ஐசோஃபிளேவோன் போகும், வைத்தியர் சொன்னால் மட்டும் கொடுப்பது. கடைச் சோயாப் பாலைக் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கவே கூடாது.

சலத்தின் நிறம் மாறுமா?

மாறாது. பீற்றூட்டை விசாரியுங்கள்.

கடைசியாக, ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிடுவதா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

கொஞ்சம் கொஞ்சமாக. அளவு கூடக் கூட உறிஞ்சப்படும் வீதம் குறைகிறது, இரண்டு மடங்கு சாப்பிட்டால் இரத்தத்தில் இரண்டு மடங்கு ஏறாது. காலையில் ஒரு கோப்பை சோயாப் பால், மதியம் கொஞ்சம் கறி என்று பிரித்துச் சாப்பிட்டால் மட்டம் சீராக நிற்கும். கந்தசஷ்டி ஆறு நாளும் பட்டினி கிடந்துவிட்டுப் பாறணைக்கு ஒரு சட்டி சோயாமீட்டை ஒரேயடியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஐசோஃபிளேவோன் கூடுமோ இல்லையோ, ராஃபினோஸ் கட்டாயம் வேலையைக் காட்டும், அன்றைக்குப் பின்னேரம் யாருக்கும் பக்கத்தில் உட்கார வேண்டாம்.